எலும்புக்கு முன்னே சிரையைப் பார்த்த கண்களுக்கு

ஜவ்வாது மலையடிவாரத்து மருத்துவமனையின் கதிரியல் துறையைக் கண்ணெனக் காத்து, இன்று பணிநிறைவு காணும் மாண்பமை மருத்துவர் நீலாவதி அம்மையார் அவர்களே, பணியாளர் அனைவரின் பெருமிதம் நிறைந்த வணக்கம்.

மலைப்பாதையில் கவிழ்ந்த வேனிலிருந்தும் மரக்கிளையிலிருந்தும் வீழ்ந்து வருவோரின் ஸ்கேன் படங்களில் நாங்கள் முறிந்த எலும்பைத் தேடுவோம். தாங்களோ வயிற்றினூடே செல்லும் பெருஞ்சிரையைத் தேடுவீர்கள். அது நிறைந்து உருண்டிருந்தால் முகம் மலர்வீர்கள். சப்பையாய்ப் படிந்திருந்தாலோ, தமனி மெலிந்து குடற்சுவர் மிகையாய் ஒளிர்ந்தாலோ, உள்ளே குருதி குறைந்து உடல் அதிர்ச்சி நிலைக்குள் சரிகிறது என்று உடனே உரைப்பீர்கள். அதனைப் பார்க்கும்வரை எவரையும் மேசையிலிருந்து இறக்கலாகாது என்பது தங்கள் கட்டளை. வெளியே வரிசை நீளுகிறதே என்று ஸ்கேன் பணியாளர் வெண்ணிலா முணுமுணுத்தபோதும் தாங்கள் அசையவில்லை.

சென்ற மாசியில், புளி உலுக்கும்போது தவறி விழுந்த முனியனை நாங்கள் மறவோம். மண்ணீரலில் சிறு கிழிசல். நாடியும் ரத்த அழுத்தமும் சீர். வேலூருக்கு அனுப்பலாம் என்று அறுவை மருத்துவர் ராஜாக்கண்ணு முடிவுசெய்ய, ஆம்புலன்ஸும் வாசலில் நின்றது.

"எனுக்கு ஒண்ணும் இல்லீங்க, வூட்டுக்கு அனுப்புங்க. மரத்துல பாதி புளி அப்டியே கீது" என்றார் முனியன்.

தாங்கள் அறையைவிட்டு விரைந்து வந்தீர்கள்.

"டாக்டர், இவர ரோட்டுல ஏத்தாதீங்க. சிரை சப்பையா கெடக்குது."

"நல்லாதானே மேடம் பேசிட்டிருக்காரு?"

"அந்தப் பேச்சுதான் நம்மள ஏமாத்துது. வந்து படத்தப் பாருங்க."

மருத்துவர் படத்தைப் பார்த்தார், உடனே அறுவைக்கு ஆணையிட்டார். ஏற்றுவதற்குக் குருதி வந்தது, அறுவை அரங்கு திறந்தது. அரங்கினுள் நுழைந்த சற்றைக்கெல்லாம் முனியனின் ரத்த அழுத்தம் சரிந்தது. ஆம்புலன்ஸ் புறப்பட்டிருப்பின் அந்நேரம் வேலூர் வழியிலுள்ள கணியம்பாடியைக்கூட எட்டியிராது. எல்லாம் ஆயத்தமாய் இருந்தமையால் அவர் பிழைத்தார். இதோ, மனைவி பச்சையம்மாவோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

தாங்கள் ஓய்வுபெறும் செய்தியை நாங்கள் உரைத்தபோது முனியன் ஒன்றே கேட்டார்: "அப்போ இனிமே யாருங்க பாப்பாங்க?"

நாங்கள் பார்ப்போம், அம்மையீர். அன்று முணுமுணுத்த வெண்ணிலாவே இன்று காலை, காத்திருந்தோரிடம் கூறியதைத் தாங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள்: "கொஞ்சம் இருங்க. இன்னும் சிரை பாக்கல, இறக்க மாட்டேன்."

நோயின்றி நெடிது வாழ்க. ஐயம் எழும்வேளை எங்கள் தொலைபேசி அழைப்பைப் பொறுத்தருள்க.

தங்கள் கட்டளை மீறாத,
மலையடிவார மருத்துவமனைப் பணியாளர்கள்