டீச்சருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம்

— நான் உக்கார வரல. நின்னுக்கிட்டே கேக்கறேன், நீ உக்காந்துக்கிட்டே பதில் சொல்லு. அந்த நாயை எதுக்காக என் வீட்டுல கொண்டுவந்து விடப் போறீங்க?

— உக்காருங்க டீச்சர். நீங்க நின்னு நான் உக்காந்திருந்தா எனக்கு உள்ளங்கை அரிக்குது. எட்டாங்கிளாஸ் ஞாபகம்.

— நான் யாரையும் அடிச்சதில்ல.

— அடிச்சதில்ல. ஸ்கேலைக் கையில வெச்சுக்கிட்டு ஜன்னலைப் பாப்பீங்க. அது போதும்.

— பேச்சை மாத்தாத. நேத்து இந்த ஆபீஸ்லேர்ந்து எனக்குப் போன். ‘நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் முடிஞ்சுருச்சு, நாளைக்குக் காலையில கொண்டாந்து விட்டுடறோம், கேட்டைத் திறந்து வைங்க’ன்னு. என் கேட்டையாம். நான் எங்க தெரு நலச் சங்கத்துக்குச் செயலாளர். தெருவுல ஒரு நாய் இருக்கக் கூடாதுன்னு ரெண்டு வருஷத்துல இங்க பதினோரு மனு குடுத்தவ.

— பன்னண்டு. உங்களுக்குன்னே தனி ஃபைல் இருக்கு டீச்சர். புதுசா யாராச்சும் வேலைக்குச் சேர்ந்தா மனு எப்படி எழுதணும்னு காட்டறதுக்கு அதைத்தான் குடுப்போம்.

— கடைசி மனுவுல இருபத்திரண்டு வீட்டுக் கையெழுத்து இருக்கு. தெரு மொத்தமும்.

— இருக்கு. கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன், உள்ள ஆபரேஷன் ஆன நாய்ங்க தூங்குது.

— சத்தமாத்தான் பேசுவேன். வெளியில பெஞ்சுல எங்க சங்கத்துப் பொருளாளர் உக்காந்திருக்கார். ‘நானும் கூட வர்றேன், நாய் திரும்பி வராம பாத்துக்கணும்’னு அவரே சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பி வந்திருக்கார். அவர் காதுலயும் விழட்டும். நாயை வேற எங்கயாவது விடுங்க.

— அது முடியாது டீச்சர். கருத்தடை பண்ணின நாயை எங்க பிடிச்சமோ அங்கயேதான் விடணும். வேற தெருவுல விட்டா அங்க இருக்கற நாய்ங்க குதறிப் போட்டுடும். அதனால அப்படி ஒரு சட்டம். தெருவுல பிடிச்சா தெருவுல விடுவோம். பதிவேட்டுல என்ன போட்டிருக்குன்னு படிக்கறேன், கேளுங்க. ‘பிடிக்கப்பட்ட இடம்: பதினாலாம் எண் வீடு, சுற்றுச்சுவருக்கு உள்ளே, மாடிப்படிக்குக் கீழே.’

— தப்பா எழுதியிருப்பாங்க.

— எழுதினவரையே கூப்பிடறேன். டிரைவரண்ணே, ஒரு நிமிஷம் உள்ள வாங்க.

— வந்துட்டேன் மேடம். அட, டீச்சரம்மாவா. வணக்கம். நான் ஒண்ணும் சொல்லலியே?

— அண்ணே, இவங்க தெரு நாயை எங்க பிடிச்சீங்க, எப்படிப் பிடிச்சீங்கன்னு சொல்லுங்க.

— எங்க பிடிச்சேன், அதுவா வந்துச்சு. நாங்க வண்டியை விட்டு எறங்கறோம், தெருமுனையில நிக்குது. ஒரே வீச்சு, வலையில விழுந்துரும். இவங்க கேட்டைத் திறந்துக்கிட்டு வந்து, ‘வலை வேணாம், முதுகுல உரசும்’னாங்க. ரெண்டு தடவை கையைத் தட்டினாங்க. அது பாட்டுக்கு எங்களைத் தாண்டி உள்ள போயி மாடிப்படிக்குக் கீழ சாக்குல படுத்துக்கிச்சு. சொந்த வீட்டுக்குப் போற மாதிரி.

— அது கால் துடைக்கற சாக்கு.

— இருக்கலாம் டீச்சரம்மா. கால் துடைக்கற சாக்குக்குத் தலைகாணி எதுக்குன்னுதான் யோசிச்சேன். நான் ஒண்ணும் சொல்லல.

— பதிவேட்டுல வீட்டு நம்பரை யார் போடச் சொன்னது?

— நீங்கதான். ‘தெருப் பேரை எழுதாதப்பா, வீட்டு நம்பரை எழுது, சுவருக்கு உள்ளன்னு எழுது’ன்னு ரெண்டு தடவை சொன்னீங்க. எழுதினதும் வாங்கிப் படிச்சுப் பாத்து, ஒரு கமா போட்டுக் குடுத்தீங்க. கமா இன்னும் அங்கதான் இருக்கு.

— சரி அண்ணே, நாய் எப்படி இருக்கு இப்ப?

— அதுக்கென்ன மேடம், மாப்பிள்ளை மாதிரி இருக்கு. தூக்கறதுக்கு ரெண்டு ஆள் வேணும். நாலு வீட்டுச் சாப்பாடு சாப்பிட்ட உடம்பு அது. இன்னொரு வேடிக்கை, எந்தப் பேரைச் சொன்னாலும் வாலை ஆட்டுது. ராஜான்னு கூப்பிட்டேன், ஆட்டுச்சு. கறுப்பா, சின்னவனே, வாத்தியாரேன்னு வரிசையாக் கூப்பிட்டேன், எல்லாத்துக்கும் அதே ஆட்டு. வெளியில உக்காந்திருக்காரே ஒரு ஐயா, அவருகூட கூண்டுப் பக்கம் கழுத்தை வளைச்சு வளைச்சுப் பாத்துக்கிட்டிருக்காரு.

— பயம். அவருக்கு நாய்னா நடுக்கம். சங்கக் கூட்டத்துல ‘நாய்’ங்கற வார்த்தை வந்தாலே காலைத் தூக்கி நாற்காலி மேல வெச்சுக்குவார்.

— அப்படியா. நான் ஒண்ணும் சொல்லல. வண்டி கழுவணும் மேடம், வர்றேன்.

— போயிட்டு வாங்க அண்ணே... என்ன டீச்சர், ஏதோ கேக்க வந்த மாதிரி இருந்தது?

— ஒண்ணுமில்ல. சாப்பிடுதா?

— எது?

— அந்தப் பிராணி. சாப்பிடாமக் கிடந்து ஏதாவது ஆயிட்டா சங்கத்து மேல பழி வரும். அதுக்காகக் கேட்டேன்.

— மொத ரெண்டு நாள் பாலைத் தொடவே இல்ல.

— பால் குடிக்காது அது. பாலைக் கண்டா மொகத்தைத் திருப்பிக்கும். ரொட்டியைத் தண்ணியில நனைச்சு, பிழிஞ்சு, உருண்டையா வெச்சாத் தின்னும். தட்டுல வெச்சாத் தின்னாது, தரையில வைக்கணும். அப்படின்னு... தெருவுல பேசிக்கிட்டாங்க.

— ரொம்ப விவரமாப் பேசிக்கறாங்க உங்க தெருவுல.

— ராத்திரி கூண்டுல விளக்கை அணைச்சுடுவீங்களா? மானிட்டர் இருட்டுல படுக்க மாட்டான்.

— யாரு டீச்சர் மானிட்டர்?

— காலையில ஆறு மணிக்கு ஒவ்வொரு கேட்டா நின்னு, உள்ள எட்டிப் பாத்துட்டு, அடுத்த கேட்டுக்குப் போகும். கிளாஸ் மானிட்டர் அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரி இருக்கும். யாரோ விளையாட்டுக்கு வெச்ச பேர்.

— இதைப் பாருங்க. நாய் இங்க வந்தப்ப அதோட முதுகைச் சுத்திக் கட்டியிருந்தது. தொவைச்சு வெச்சிருக்கேன்.

— கைக்குட்டை. ஊரெல்லாம் கைக்குட்டை இருக்கு.

— நீலக் கட்டம் போட்டது. மூலையில சிவப்பு நூல்ல ஒரு புள்ளி. கரும்பலகையில எழுதி முடிச்சதும் ஒவ்வொரு விரலா இதுலதான் துடைப்பீங்க. கணக்குப் புரியாதப்பல்லாம் நான் அந்தக் கட்டத்தைத்தான் எண்ணிக்கிட்டு இருப்பேன். ஒரு வருஷம் முழுக்க எண்ணியிருக்கேன் டீச்சர்.

— கதவைச் சாத்து.

— சாத்திட்டேன். இப்ப உக்காருங்க.

— தண்ணி இருக்கா?

— இந்தாங்க. அது முதுகுல இருக்கற வெந்த காயம் யாரு பண்ணினது?

— நான்.

— டீச்சர்...

— வெந்நீர் ஊத்தினது எதிர்ல இருக்கற மாடி வீட்டுக்காரர். தெரு முனையில சங்கப் பலகை இருக்கு பாரு, அதுல நான் எழுதினேன். ‘தெரு நாய்களை எவ்வகையிலேனும் விரட்டுக.’ எவ்வகையிலேனும். அந்தச் சொல்லு கம்பீரமா இருக்குன்னு தள்ளி நின்னு ரெண்டு தடவை படிச்சுப் பாத்துக்கிட்டேன். ஒரு வாரம் கழிச்சு அவர் மேலேர்ந்து கொதிக்கற தண்ணியை ஊத்திட்டார். போய்ச் சண்டைக்கு நின்னேன். ‘நீங்கதானே டீச்சர் எழுதியிருக்கீங்க’ன்னார். கிண்டலாச் சொன்னா வாய்க்கு வாய் குடுத்திருப்பேன். வீட்டுப்பாடம் முடிச்ச பையன் மாதிரி சொன்னார்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— திரும்பி வீட்டுக்கு வந்தேன். அது மாடிப்படிக்குக் கீழ கிடக்குது. இருபத்திரண்டு வீடு இருக்கு, எழுதினவ வீட்டுக்குத்தான் ஓடி வந்திருக்கு. படிக்கத் தெரியாது பாரு அதுக்கு.

— கிட்டப் போனப்ப கடிக்கலியா?

— பல்லைக் காட்டுச்சு. நானும் காட்டினேன். அப்புறம் ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு. ஒம்போது நாள் களிம்பு போட்டேன். யாராச்சும் வந்து மணி அடிச்சா வாசல்ல நின்னு, ‘போ, போ சனியனே’ன்னு சத்தம் போடுவேன். அது படிக்குக் கீழ சத்தமில்லாமக் கிடக்கும். என்னைவிட நல்லா நடிச்சது.

— பலகையைக் கழட்டிட்டு, ‘நாய் என் வீட்டுல இருக்கு’ன்னு சொல்லிட வேண்டியதுதானே?

— சொல்லலாம். சொன்னா ஏன்னு கேப்பாங்க. ரெண்டு வருஷம் கூட்டத்துக்குக் கூட்டம் பேசியிருக்கேனே, அதை எங்க கொண்டுபோய்க் கொட்டறது? நாய்க்குச் சாப்பாடு வெச்சான்னு ஆறாம் நம்பர் வீட்டுப் பையனை நிக்க வெச்சு ஒரு மணி நேரம் பேசினவ நான். என்னைத் திட்டினாக்கூடத் தாங்கிக்குவேன். சிரிப்பாங்க. ஏற்கெனவே வாய்க்குள்ள வெச்சுக்கிட்டிருக்காங்க, வெளியில வரும். பொருளாளர் முதல் ஆளா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பார். நாலு தெரு தள்ளிப் போனாலும் அந்தச் சிரிப்பு கூட வரும்.

— அதனால நாயே உங்க கேட்டுக்குள்ள பிடிபடற மாதிரி பண்ணி, சட்டம் கொண்டுவந்து விட்டுடுச்சுன்னு...

— நீ கணக்குல மோசம்னாலும் மத்ததெல்லாம் புரிஞ்சுக்குவே. எனக்கு ஒரு கடிதம் வேணும். ஆபீஸ் தாள்ல, முத்திரையோட. நான் நாயை வேணாங்கறேன், நீங்க என் தலையில கட்டறீங்க. பேனாவை எடு.

— உங்களைத் திட்டி எழுதறதை நீங்களே சொல்லப் போறீங்களா?

— வேற யாருக்கு ஒழுங்கா வரும்? எழுது. ‘தாங்கள் தெரிவித்த ஆட்சேபணை நிராகரிக்கப்படுகிறது.’

— நிராகரிக்கப்படுகிறது.

— எழுத்து இன்னும் கோணல் மாணலாத்தான் இருக்கு. மார்ஜின் விடு. ‘மேற்படி நாயைத் தங்கள் சுற்றுச்சுவருக்குள் தங்கவைத்து, உணவும் நிழலும் அளித்துப் பராமரிக்க வேண்டியது தங்கள் கடமை.’

— சட்டத்துல அவ்வளவெல்லாம் இல்லியே டீச்சர். பிடிச்ச இடத்துல விடணும், அவ்வளவுதான்.

— அதைப் பொருளாளர் படிச்சிருக்கப் போறாரா? எழுது. ‘மறுத்தால் மேல் நடவடிக்கை எடுக்க நேரிடும்.’

— என்ன நடவடிக்கை?

— அதைச் சொல்லக் கூடாது. அந்த வரிக்கு அர்த்தமே கிடையாது, அதான் எல்லாருக்கும் பயமா இருக்கும். இருபத்தெட்டு வருஷம் அந்த ஒரு வரியை வெச்சுத்தான் பள்ளிக்கூடத்தை ஓட்டினேன்.

— நாங்கல்லாம் ராத்திரி தூக்கம் வராம அந்த வரிக்கு அர்த்தம் தேடினோம் டீச்சர்.

— தெரியும். கடைசியா ஒரு பத்தி. ‘தெருமுனைப் பலகையில் தாங்கள் எழுதியுள்ள வாசகம் உயிர்களுக்குத் தீங்கு விளைவிப்பது. அதை இன்றே அழிக்கவும்.’

— இது...

— ம். எழுது. நாலு நாளா பெயிண்டை அழிக்கத் துணியும் மண்ணெண்ணெயுமா அந்தப் பலகைக்குப் போறேன். யாராச்சும் எதிர்ல வந்தா வெறுந்துணியால தூசி துடைக்கற மாதிரி துடைச்சுட்டுத் திரும்பிடறேன். எழுத்து பளபளன்னு ஆயிருச்சு.

— எழுதிட்டேன். முத்திரையும் குத்திட்டேன். இந்தாங்க.

— படிக்கறேன்... நல்லா இருக்கு. என் மேலயே எனக்குப் பயம் வருது. சரி, இப்பக் கதவைத் திறந்து பொருளாளரைக் கூப்பிடு. அவர் முன்னாடி இதைச் சத்தமாப் படி. நான் எதிர்த்துப் பேசுவேன், நீ மேஜையைத் தட்டு. மூணு தரம் தட்டினதும் நான் அடங்கிப் போயிடறேன்.

— மேஜையெல்லாம் தட்டறேன் டீச்சர், காத்துக்கிட்டே இருந்தேன் அதுக்கு. ஆனா அவரைக் கூப்பிட வேணாமே.

— ஏன்? அவர் பாத்தாத்தான் தெருவுக்குப் போகும்.

— இந்த மாதிரி கடிதம் கேட்டு இந்த அஞ்சு நாள்ல வந்த அஞ்சாவது ஆள் நீங்க.

— எந்தத் தெருவிலேர்ந்து?

— உங்க தெருதான். இதே நாய்தான். தனித்தனியா வந்தாங்க, ஒருத்தருக்கொருத்தர் தெரியாம. ‘எங்க வீட்டுல பிடிச்சதா எழுதிக்குங்க, சட்டம் சொல்லுதுன்னு ஒரு தாள் குடுங்க’ன்னு கேட்டாங்க. உங்க வீட்டு நம்பர் ஏற்கெனவே ஏறிடுச்சு, கமாவோட. அதனால முடியாதுன்னு அனுப்பிட்டேன். மாடி வீட்டுக்காரர்தான் மொத ஆள். தீக்காயக் களிம்பு ரெண்டு டப்பா வாங்கிக்கிட்டு வந்தாரு, மூஞ்சியைத் தூக்கவே இல்ல.

— அவரா?

— ஆறாம் நம்பர் பையனோட அம்மா வந்தாங்க. அவங்களுக்கு அது சின்னவன். இன்னொருத்தருக்கு ராஜா. போறப்ப மட்டும் நாலு பேரும் பேசி வெச்ச மாதிரி ஒரே வார்த்தையைச் சொல்லிட்டுப் போனாங்க. ‘டீச்சருக்குத் தெரியக் கூடாது.’

— இருபத்திரண்டு கையெழுத்து போட்டாங்களே.

— நீங்க வாசல்ல வந்து பேனாவை நீட்டினா யாரு டீச்சர் போடாம இருப்பாங்க? என்கிட்ட நீட்டியிருந்தா நானும் போட்டிருப்பேன்.

— மூணு பேரைச் சொல்லிட்டே. நாலாவது யாரு?

— ஜன்னல் வழியா மெதுவா எட்டிப் பாருங்க, சத்தம் போட்டுடாதீங்க. பெஞ்சு காலியா இருக்கா? உங்க பொருளாளர் கூண்டு முன்னாடி தரையில உக்காந்து, ரொட்டியை நனைச்சுப் பிழிஞ்சு, உருண்டை பிடிச்சுக்கிட்டிருக்காரு.