கூட்டெழுத்தில் வந்த தந்தி

மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகு இன்னும் துறையை விட்டுப் புறப்படவில்லை. எனக்கு முன்னால் இருந்த ஆசிரியை, பிள்ளைகளின் இங்கிலீஸ் கொப்பிகளை மடியில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார்.

"எழுத்துகளைக் கோத்து எழுதுற இந்தக் கூட்டெழுத்தை இனியும் படிப்பிக்க வேணுமோ தெரியேல்ல. பிள்ளையளும் களைச்சுப் போச்சுதுகள், நானும் களைச்சுப் போனன்" என்றார் பக்கத்தில் இருந்த பெண்ணிடம்.

"அந்தக் கூட்டெழுத்தாலதான் டீச்சர், நான் அப்பாட முகத்தைக் கடைசியாக் காணேல்ல."

ஆசிரியையின் பேனை நின்றது.

"அப்பா மட்டக்களப்பில ஆஸ்பத்திரியில. கடுமை, உடனே வா எண்டு வெள்ளிக்கிழமை பின்னேரம் தந்தி வந்தது. இங்கிலீசில, தபால்கந்தோர் ஐயா கையால எழுதினது. ஏ, பி, சி தனித்தனியா இருந்தா நான் வாசிப்பன். இது ஒரு எழுத்தைப் பிடிச்சா மற்றதும் அதோட இழுபட்டு வருகுது. எங்கட ஊர் கட்டைபறிச்சானில நாலு வீட்டில காட்டினனான். ஒருத்தருக்கும் வாசிக்க ஏலாமப் போச்சு. திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் பெரிய வாத்தியார் வாசிச்சுச் சொன்னவர். நான் போய்ச் சேரேக்க பிரேதத்தை எடுத்திட்டாங்க."

ஆசிரியை கொப்பியை மூடினார். பிறகு, "அப்ப கட்டாயம் படிப்பிக்கத்தான் வேணும் எண்டு சொல்லுறீங்கள்" என்றார்.

"இல்ல டீச்சர்." அந்தப் பெண்ணின் குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. "தனித்தனியா எழுத அந்தத் தபால்கந்தோர் ஐயாவுக்கு ஆராவது படிப்பிச்சிருக்கலாம் எண்டு சொல்லுறன்."