பழைய பிரவுசரில் மட்டும் திறக்கும் காணி

கிளிநொச்சியில் ஒரு கொம்யூனிகேஷன் கடை வரிசையில் நின்றேன். காணி விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். எனக்கு முன்னால் நின்ற, ஸ்கந்தபுரத்தில் வயல் செய்யும் கமக்காரர் ஒருவர் கம்ப்யூட்டரில் இருந்த கடைப் பெண்ணிடம் சொன்னார்.

“தங்கச்சி, என்ர காணியைப் பதிஞ்சு விடுங்கோ.”

“ஏலாது அண்ணை. பிரவுசர் தானாவே அப்டேற் ஆயிட்டுது. காணிக் கந்தோர் வெப்சைற் பழசிலதான் திறக்கும்.”

“அப்ப வெப்சைற்றைத் திருத்தச் சொல்லுங்கோ.”

“சொன்னனான். எங்களைப் பழசைத் திருப்பிப் போடட்டாம்.”

இதைச் சொல்வதற்கும் அந்த அலுவலகத்தில் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

“அண்ணை, உங்கட போன் எப்ப அப்டேற் பண்ணினது?”

“வீட்டில வைஃபை இல்லைப் பிள்ளை. வாங்கினபடிதான் கிடக்கு.”

அவள் அதை வாங்கித் தட்டினாள். வெப்சைற் திறந்தது.

“சிக்னல் காணாது. கடை வைஃபையில போடட்டே?”

எனக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரும் கத்தினார்கள்.

“வேண்டாம் பிள்ளை! அதுவும் அப்டேற் ஆயிடும். எங்கட காணியும் அதிலதான் பதியோணும்!”