படத்துல மட்டும் இருக்கிற கரை

கரை கீதாம், கரை. எங்க குப்பத்துல ஏரிப்பக்கம் மாரளவு ஒசரத்துக்குக் கரை கீதாம். இன்னா நைனா இது, நான் அங்கதான பொறந்தேன், அங்கதான வாக்கப்பட்டேன், ஒரு நாளாவது அந்தக் கரை மேல ஏறி நின்னுருப்பனா? நீ எழுந்துக்காத, ஒக்காரு. நானே நாற்காலிய இழுத்துக்கினு ஓரமா குந்திக்கிறேன். கீழ கண்ணாடி போட்டுக்கினு ஒரு அம்மா கீறாங்கல்ல, அவங்கதான் அனுப்சாங்க. மழைக்கு முன்னாடி மண்கரை போடப்போற ஊருங்கள்ல எங்க ஊரு ஏன் இல்லன்னு கேட்டேன். ‘ஒங்களுக்குத்தான் ஏற்கெனவே கரை இருக்கே, படத்துல தெரியுதே, மாடில படம் திருத்துற இர்ஃபான்கிட்ட போய்ப் பாருங்க’ன்னுட்டாங்க. நீதான இர்ஃபான்? ம். சாப்ட்டியா?

என் பேரு ஜெயம்மா. எங்கூட்டுக்காரரு நீலமேகம்தான் இப்ப குப்பத்துக்குத் தலைவரு. தலைவருன்னு பேரு. மைக்குல பேசறது அவரு, இன்னா பேசணும்னு சொல்றது நானு. இன்னைக்கி அவருதான் வந்துருக்கணும், முட்டி வலின்னு படுத்துக்கினாரு. திருப்பாலைவனம் வரைக்கும் நின்னுக்கினே வரேன் பஸ்ல. அங்க ஒரு கும்பல் எறங்கிச்சி, அப்பாடான்னு குந்தறேன், பக்கத்துல ஒரு ஆளு மடில சேவல வெச்சிக்கினு... அத வுடு. இந்த ரூம்ல ஏன் இப்டி குளுருது? கம்ப்யூட்டருக்கு வேர்க்குமா? நல்லா வெச்சிருக்காங்க ஒன்ன.

இன்னா சொல்ல வந்தேன்... ஆங், தண்ணி. போன ஐப்பசில ஏரி ஏறிச்சி. மொகத்துவாரம் மணல் தூந்து கெடக்குது, தண்ணி கடலுக்குப் போவ வழி இல்ல, நேரா ஊருக்குள்ள வந்துட்டுது. முட்டிக்காலு தண்ணி. ஊரே கோயில் மேடையில போய் குந்திக்கிச்சி. ஒரே அண்டாவுல சோறு, பசங்க ஒரே கூத்து, திருவிழா மாதிரிதான் போச்சி, பொய் சொல்லக்கூடாது. ஆனா இந்த ஐப்பசில என் மருமவ நந்தினிக்குப் பிரசவம். ரொம்ப வருசம் கழிச்சி நிக்கிற புள்ள. மொத பிரசவம் அம்மா வூட்லதானன்னு நீ கேப்ப. அவ அம்மா வூடும் எங்க தெருவுலதான், ரெண்டு வாசல் தள்ளி. தண்ணி வந்தா ரெண்டுலயும் வரும். ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னாலும் அந்தத் தண்ணியில எறங்கித்தான போவணும். எனக்கு பயமா கீது நைனா. அவகிட்டயும் சொல்லல, அவ புருசன் விக்கிகிட்டயும் சொல்லல. ஒன்கிட்டதான் சொல்றேன்.

சரி, படத்தக் காட்டு. இதுவா எங்க ஊரு? இன்னாபா இது, பச்சையும் மஞ்சளுமா, யாரோ கோலப்பொடிய கொட்டின மாதிரி கீது. ஒசரமா இருந்தா செவப்பு, தாழ்வா இருந்தா நீலமா. அப்ப இந்த செவப்பு கோயிலு. பக்கத்துல இது எங்க வூடு. இல்லையா? தண்ணித் தொட்டி மேடா அது? வடக்கு மேல இருக்குமா. அத மொதல்லயே சொல்லக்கூடாதா, நான் தலகீழா பாத்துக்கினு கீறேன்.

இந்தக் கோடுதானா? ஏரி ஓரமா, இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும்? நல்லாத்தான் கீது, கோணலே இல்ல. யாரு நைனா கட்னது? இல்ல இல்ல, ஒன்னச் சொல்லல. ட்ரோனு பறந்து எடுத்திச்சி, நீ திருத்தற, அவ்ளோதான. வூடு, மரம் எல்லாத்தையும் கம்ப்யூட்டரே எடுத்துப் போட்டுட்டு தரைய மட்டும் வெச்சிக்குமா? அப்ப இத ஏன் எடுக்கல? நீளமா, சந்து இல்லாம ஒட்டிக்கினு இருந்தா கரைன்னு எடுத்துக்குமா. அவ்ளோதான் அதுக்கு அறிவு.

எனக்குக் கோவமே ட்ரோன பறக்க வுட்டானுங்களே, அவனுங்க மேலதான். மெட்ராஸ் பசங்க, தொப்பி மாட்டிக்கினு வந்தானுங்க. டீ குடுத்தேன். மடவ மீன் கொழம்பு வெச்சி சோறு போட்டேன். துன்னுட்டு கைய கழுவுனானுங்களே தவுர, ‘இன்னாக்கா, இங்க கரை கீதா’ன்னு ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த கேட்டானுங்களா? வானத்தப் பாத்துக்கினே வந்தானுங்க, வானத்தப் பாத்துக்கினே போனானுங்க. இப்ப அவஸ்தப் படறது யாரு? கம்ப்யூட்டரா வந்து தண்ணில நிக்கப்போவுது?

அன்னைக்கி எடுத்த போட்டோவே வெச்சிருக்கியா? அதே எடம்? காட்டு, காட்டு, ஒரே நிமிசத்துல சொல்லிடறேன் அது இன்னா கருமம்னு. பெருசாக்கு. இன்னும் கொஞ்சம்.

...

ம். போதும். சின்னதாக்கிடு. குடிக்கத் தண்ணி கீதா நைனா?

ஏன் சிரிக்கிற? சிரிக்காத. போட்டுதான், மீன் புடிக்கிற போட்டு. எங்க ஊரு போட்டுங்கதான் அது எல்லாம்.

சொல்றேன் இரு. கவர்மெண்டுலேர்ந்து ஊர மேலேர்ந்து போட்டோ புடிக்கப் போறாங்கன்னு சொன்னாங்களா. நம்ப ஊரு பரப்பிக்கினு கெடந்தா பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க? எங்கூட்டுக்காரர எழுப்பி மைக்குல சொல்ல வெச்சேன். நாளைக்கி ஊர்க்கட்டு, ஒருத்தனும் தொழிலுக்குப் போவக்கூடாது, மீறிப் போனா அவன் வூட்டு நல்லது கெட்டதுக்கு ஊரு வராது. எல்லாப் போட்டையும் ஏரி ஓரமா வரிசையா வெக்கணும், மூக்கும் வாலும் ஒட்டணும். நான்தான் எதிர்ல நின்னேன். தள்ளு, இன்னும் தள்ளு, சந்து தெரியுதுன்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்துனேன். அப்பவும் அங்கங்க சந்து. அதுல வலைய குமிச்சோம். வலை அசிங்கமா தெரிஞ்சிது, அது மேல தார்ப்பாய போத்தி கயித்தால இழுத்துக் கட்டியாச்சி. எவ்ளோ அழகா இருந்திச்சி தெரியுமா. நான் செல்லுலகூட புடிச்சி வெச்சிருக்கேன்.

வேலம்மா மட்டும் கேட்டா. ‘ஏங்க்கா, நம்ப படற கஷ்டத்தப் பாக்க வர்றாங்க, நீ இன்னாமோ கல்யாண வூடு மாதிரி ஜோடிக்கிறியே’ன்னா. ஒனக்கு இன்னாடி தெரியும் போடின்னுட்டேன். நைனா, நீ பழவேற்காடுதான? அவ தெனம் அங்க மார்க்கெட்டுக்கு மீனு எடுத்துக்கினு வருவா, வெத்தல போட்டுக்கினு, சத்தமா பேசுவா. அவள எங்கனா பாத்தா இதப் பத்தி மூச்சு வுடாத. எங்கூட்டுக்காரரு காதுக்கும் போவக்கூடாது. அவரு சிரிக்க ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு.

இப்ப இத இன்னா பண்றது? திருத்திடலாமா? அட, அத அப்பவே சொல்றதுக்கு இன்னா, எதுக்கு என்ன இவ்ளோ பேச வுட்ட. பண்ணு, ஜல்தியா பண்ணு. சுத்தி கோடு போடறியா. ரெண்டு பக்கமும் தரை எவ்ளோ தாழ்வா கீதோ, நடுவுலயும் அதே மட்டத்துக்கு எறக்கிடுமா. சரி. அது தருமன் போட்டு, போச்சி. அது அஜித்குமாரோடது, ஜாஸ்தி பீத்திக்குவான், நல்லா அமுக்கு. அடுத்தது எங்களுது, பாத்து... சும்மா சொன்னேன், அதையும் அமுக்கு.

இரு இரு. இங்க ஒரு ஓடை இருக்கணுமே, ஏரிலேர்ந்து ஊருக்குள்ள வருமே, காணோம்? பாலமா? அது பாலம்னு சொன்னா பாலமே கோவிச்சிக்கும், ரெண்டு பனமரத்த குறுக்கால போட்டு மண்ண தள்ளிருக்கோம், அவ்ளோதான். அதப் பாத்துட்டு தண்ணி போவ வழியே இல்லன்னு அடைச்சிட்டுதா? வெட்டு அத. தண்ணி மொதல்ல வர்றதே அந்த ஓடையிலதான். ரொம்ப ஆழமா வெட்டாத, அப்புறம் கப்பல் வரும்.

ஆச்சா? இப்ப கம்ப்யூட்டர்லயே தண்ணி வுட்டுப் பாக்கலாமா? போன வருசத்து மழைக்கு ஒண்ணு, பெரிய மழைக்கு ஒண்ணா. பெருசையே வுடு நைனா. கம்மியா காட்டி அந்தம்மா மறுபடியும் வாணாம்னுட்டா?

வருது பாரு. ஓடைல ஏறுது. வா, வா. மொதல்ல யாரு வூடு, வேலம்மாவா? போவட்டும். தருமன் வூடு போச்சி. மாலா பொட்டிக்கடை போச்சி. அப்டித்தான், அந்த சந்துல பூந்து வா. ஏன் நின்னுட்டுது? இன்னும் ஓடுதா, சரி சரி. கோயில் தெரு... இதோ, இதோ எங்க வூடு, வாசலத் தாண்டிட்டுது. அப்பாடா. முழுவிட்டோம் நைனா, நல்லா முழுவிட்டோம். இனிமே எவன் சொல்லுவான் கரை கீதுன்னு.

அந்த அம்புக்குறிய ஒரு எடத்துல வெச்சா அங்க எவ்ளோ தண்ணின்னு சொல்லுமா? வை. எங்க வூட்டு மேல வை.

இடுப்பு வரைக்குமா.

என் இடுப்புக்குச் சொல்றியா, பொதுவா சொல்றியா? என் இடுப்புக்கா. நந்தினி என் தோளுக்குத்தான் வருவா நைனா. எனக்கு இடுப்புன்னா அவளுக்கு வயிறு.

நிறுத்து. தண்ணிய எடு. எடுத்துடு, பாக்க முடியல.

இல்ல... இரு. எடுக்காத. அப்டியே இருக்கட்டும். அப்டியே கீழ எடுத்துக்கினு வா, அந்தம்மா பாக்கட்டும். நீ முன்னாடி போ. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன், நீ காட்டு.