சிவப்புக் கூட்டல் போட்ட பெட்டி

— முதலுதவிப் பெட்டிச் சாவியைக் கேட்டா சீட்டை நீட்டுறீங்களே, ஸ்டோர்க்காரரே. அங்க கட்டிங் மாஸ்டர் உள்ளங்கையைக் கிழிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு.

— கோவப்படாதம்மா. பேரு, பிரிவு, காயம் எந்த இடத்துல, அவ்வளவுதான். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல.

— தலைக்கு மேல வெள்ளம் போகுது. நீங்க சாணா முழமான்னு எழுதித் தரச் சொல்றீங்க.

— ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சா?

— சொல்லியாச்சு. வர இருபது நிமிஷம் ஆகுமாம். அதுவரைக்கும் காலருக்கு வெட்டின துணியைத்தான் சுத்தி அழுத்திப் பிடிச்சிருக்கோம். நாலாவது துண்டும் நனைஞ்சாச்சு.

— இரும்புக் கையுறை போடலையா அவரு?

— அது பிஞ்சு ஒரு மாசமாச்சு. புதுசு எங்க?

— கேட்டு எழுதியிருக்கு.

— எழுதியிருக்கு, எழுதியிருக்கு. இந்தக் கம்பெனியில தையல் மிஷினைவிட உங்க பேனாதான் அதிகம் ஓடுது. பெட்டியைத் திறங்க.

— சாவி மேனேஜர்கிட்ட இருக்கும்மா.

— அவரு எங்க?

— தலைமை ஆபீஸ்ல. கூட்டம்.

— என்ன கூட்டம்?

— தொழிலாளர் பாதுகாப்பு.

— நல்லா இருக்குது நியாயம். சாவியே இல்லாமத்தான் என்னைச் சீட்டு எழுதச் சொன்னீங்களா?

— எழுதி வெச்சா, அவர் வந்ததும் காட்டலாம்ல.

— முதலுதவிப் பெட்டிக்குப் பூட்டு எதுக்குங்க?

— திறந்து வெச்சப்ப பஞ்சுக்கெல்லாம் கால் முளைச்சுப் போச்சு. சோதனைக்கு வந்த அதிகாரி, பெட்டி காலின்னு எழுதிட்டுப் போனாரு. அன்னைக்கு விழுந்த பூட்டு.

— சரி, முதலுதவி படிச்ச ஆள் ஒருத்தராவது இருக்கணுமே. என் பழைய கம்பெனியில மாடிக்கு ஒருத்தர், சுவத்துல பேரோட. நான் இங்க வந்து ரெண்டு மாசம்தான். இங்க யாரு?

— இருக்காரு. ஒருத்தர்.

— கூப்பிடுங்க.

— இப்ப அவரால வர முடியாதும்மா.

— லீவா?

— லீவு இல்ல.

— பின்ன?

— விடும்மா. அதைக் கேட்டு என்ன ஆகப்போகுது.

— அந்த ஸ்க்ரூடிரைவரைக் கொடுங்க.

— எதுக்கு? நெம்பாத, கம்பெனிச் சொத்து.

— அந்தக் கையும் கம்பெனிக்காகத்தான் துணி வெட்டுச்சு. தள்ளி நில்லுங்க.

— பொறும்மா. சொன்னாக் கேளு. உள்ள ஒண்ணும்...

— திறந்துருச்சு. என்னங்க இது? பஞ்சையும் காணோம், கட்டுத்துணியையும் காணோம். ஒரே காகிதம்.

— மருந்தெல்லாம் தேதி முடிஞ்சுதுன்னு எடுத்துப் போட்டாச்சு. புதுசு வரல. இந்தக் கடுதாசியெல்லாம் வெளிய கிடக்க வேணாம்னாரு மேனேஜர். பூட்டு உள்ள பெட்டி நம்மகிட்ட இது ஒண்ணுதானே.

— தெரிஞ்சுக்கிட்டே என்கிட்ட சீட்டை நீட்டினீங்க.

— நான் என்னம்மா பண்ணட்டும். என் கையில பேனா மட்டும்தான் கொடுத்திருக்காங்க.

— யாரு எழுதினது? ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டு, ஆறு இருக்கு.

— கட்டிங் மாஸ்டர்தான். பெட்டிக்கு மருந்து வாங்கி வைக்கச் சொல்லி ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு கொண்டாந்து கொடுத்துக் கையெழுத்து வாங்கிட்டுப் போவாரு.

— ஆறாவதைப் படிக்கிறேன், நீங்களும் கேளுங்க. ‘ஐயா, இந்தக் கட்டடத்தில் முதலுதவிப் பயிற்சி பெற்றவன் நான் ஒருவன் மட்டுமே. ஆகவே, எனக்கே காயம்பட்டால் நான் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் தெரிவிக்கவும்.’