ஆறு தட்டுக் கேக்கும் முன்வரிசைக் கதிரையும்

— கண்ணைத் திறந்திட்டியள்.

— இல்லையே.

— அக்கா, இடக்கண் பாதி திறந்து கிடக்கு. மூடுங்கோ.

— நதானியேல் அண்ணை, நான் கலியாணக் கேக்குக்கு ஓடர் குடுக்க வந்தனான். கண்ணாஸ்பத்திரிக்கு வரேல்லை. அல்பத்தைக் காட்டினீங்கள் எண்டால் ஒண்டைத் தொட்டுக் காட்டிப்போட்டு என்ரை பாட்டிலை போவன்.

— என்னட்டை அல்பம் இல்லை. அச்சுவேலியிலை ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம். ஒரு கலியாணத்துக்குச் செய்த கேக்கை மற்றக் கலியாணத்துக்கு நான் செய்யிறேல்லை. முதல் கலியாண ஹோலை மனதுக்கை கட்டவேணும். சனத்தைக் கொண்டந்து இருத்தவேணும். பிறகு கேக் தன்பாட்டிலை வந்து மேசையிலை நிக்கும். அப்பதான் நான் கத்தியைத் தொடுவன். இந்தக் கதிரையிலை கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறதுதான் என்ரை பாதி வேலை. சீலா, என்ரை மனிசி, நித்திரை எண்டு ஏசுவா.

— நித்திரை இல்லையோ அது?

— நித்திரையிலை கனவு எங்களை இழுத்துக்கொண்டு போகும். இதிலை நாங்கள் கனவை இழுத்துக்கொண்டு போறம். விளங்குதோ?

— விளங்கேல்லை. சரி, மூடிட்டன். ஒரே இருட்டு.

— மெல்ல, மெல்ல. இப்ப என்ன தெரியுது?

— குசினி.

— ஆற்றை குசினி?

— என்ரை குசினிதான். அடுப்பிலை மீன்குழம்பு. மூடாமல் வந்திட்டன். சந்நிதியானே, பூனை ஏறுதே!

— கலையுங்கோ.

— சூய்! … ஓடிட்டுது.

— பாத்தியளோ, சொன்னதைக் கேக்குது. உங்களுக்கு இது வரும் அக்கா. சில பேருக்குப் பூனை போகாது. இனிக் குசினியை விட்டு வெளியிலை வாங்கோ. ஹோல் வாசல். உடனை கேக்கைத் தேடக்கூடாது. காலிலை என்ன போட்டிருக்கிறியள்?

— புதுச் செருப்பு. கடிக்குது.

— நல்லது. கடிக்குதெண்டால் நீங்கள் அங்கை போய்ச் சேந்திட்டியள். என்ன மணக்குது?

— பன்னீர். கனகாம்பரம். பிறகு… ரோல்ஸ் பொரிக்கிற மணம். அண்ணை, எனக்கு உண்மையாப் பசிக்குது.

— மனிசி தேத்தண்ணி போடுறா, பொறுங்கோ. ஆர் ஆர் நிக்கினம்?

— ஆர் நிக்கிறது, என்ரை மனுசன் கனகலிங்கம்தான். ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்திலை. மாப்பிள்ளையின்ரை தேப்பன் எண்ட ஒரு எண்ணமே இல்லாமல் நிக்கிறார்.

— ஆர் எண்டனீங்கள்?

— கனகலிங்கம். ஏன்?

— ஒண்டுமில்லை. சும்மா கேட்டனான். ம்… அவரைக் கொண்டந்து முன்னுக்கு இருத்துங்கோ.

— வரமாட்டாராம்.

— கனவு உங்கடை. அவற்றை விருப்பம் இதிலை எடுபடாது. கையைப் பிடிச்சு இழுங்கோ.

— வந்திட்டார். கையிலை ரோல்ஸோடை.

— இருக்கட்டும், பாவம். அக்கா, ஒண்டு கேக்கிறன். நீங்கள் இதை முந்தியும் செய்து பழகியிருக்கிறியள் போலை. புது ஆக்களுக்கு ஹோல் இவ்வளவு கெதியிலை நிக்காது. ஆட்டம் போடும்.

— கேக்குக்கு இல்லை அண்ணை. இவர் கடலுக்குப் போற மனுசன். கலியாணம் முடிச்ச புதிசிலை எனக்கு நித்திரையே வராது. பாயிலை கிடந்துகொண்டு வள்ளத்தை நானே கூட்டிக்கொண்டு வருவன். இப்ப வலை இழுக்கினம், இப்ப திருப்பீட்டினம், இப்ப வெளிச்சவீடு தெரியுது எண்டு ஒவ்வொண்டாப் பாத்து, வள்ளத்தை மணலிலை ஏத்திப்போட்டுத்தான் கண் அயருவன்.

— ஒருநாளும் நடுக்கடலிலை விட்டுட்டு நித்திரை கொள்ளேல்லையோ?

— விட்டால் மனுசன் எப்பிடி வாறது?

— அக்கா, நான் கேக்குக்குச் செய்யிறதை நீங்கள் மனுசனுக்குச் செய்திருக்கிறியள். எனக்கு உங்களிலை ஒரு மரியாதை வந்திட்டுது, உண்மையாச் சொல்லுறன். சரி, இப்ப மேசைப் பக்கம் திரும்புங்கோ. கேக் எப்பிடி?

— உயரம். ஆறு தட்டு. வெள்ளை. ஆனா, ஓரத்திலை ஒரு நீலம்… காலமைக் கடல் மாதிரி லேசான நீலம். அண்ணை, ஆறு தட்டுக் கேக்கையும் ஆர் தின்னுறது?

— ஒருத்தரும் தின்னேலாது. மேலை அஞ்சு தட்டும் ரெஜிஃபோம்.

— என்ன?

— ரேடியோப் பெட்டிக்குள்ளை வைச்சு வருமே, வெள்ளைப் பொருள். அதை வெட்டி, மேலை ஐசிங் பூசிறது. அடித்தட்டு மட்டும்தான் வெட்டுற கேக். சனத்துக்குக் குடுக்கிற துண்டெல்லாம் தனிப் பெட்டியிலை வரும்.

— அடி கோதாரி! ஊரிலை வெட்டினதெல்லாம் பொய்க் கேக்கோ?

— மெய்க் கேக்கை ஆறு தட்டு அடுக்கினால் எங்கடை வெயிலுக்குக் கூழாப் போகும். பொய் எண்டு சொல்லாதேங்கோ. அது பாக்கிறதுக்கு, மற்றது தின்னுறதுக்கு. இப்ப சொல்லுங்கோ, ஃபான் எந்தப் பக்கம்? காத்து நேரே கேக்கிலை அடிக்குதோ?

— இல்லை. முன்வரிசைக்கு அடிக்குது.

— முன்வரிசையிலை ஆர்? அக்கா? நித்திரையோ?

— இல்லை. பொம்பிளையின்ரை பக்கம் ஒரு கதிரை வெறுமையாக் கிடக்கு. அதைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன். இந்த ஓடர் குடுக்க வந்ததே அதாலைதான் அண்ணை. பெட்டை ஒவ்வொரு நாளும் அழுகுது. கேக்காவது வடிவா இருந்தால் அந்த ஒரு மணித்தியாலம் அழாமல் நிக்கும் எண்டு…

— ஆற்றை கதிரை அது?

— பெட்டையின்ரை தேப்பன்ரை.

— அப்ப இருத்துங்கோ. ரோல்ஸ் தின்னுறவரை இழுத்து இருத்தேல்லையோ?

— அவர் என்ரை மனுசன், இழுக்கலாம். இவர் அப்பிடியான ஆள் இல்லை. கனவிலும் கூப்பிட்டால்தான் வருவார் போலை. வாசலிலை வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒரு ஆள் தெரியுது, உள்ளுக்கு வரமாட்டனெண்டுது.

— கூப்பிட்டனீங்களோ?

— பிள்ளையள் கலியாணக் காட் அனுப்பினதுகள்.

— எப்பிடி அனுப்பினது?

— வாட்ஸப்பிலை. ரோசாப்பூ ரெண்டு ஆடும், ஒரு பாட்டும் வரும். பெட்டை கொழும்பிலை வேலை. கந்தோரிலை எல்லாருக்கும் அனுப்பேக்கை தேப்பனுக்கும் அனுப்பியிருக்குது. நீலக் கோடு விழுந்தது, மறுமொழி இல்லை. பிறகு ஃபோன் எடுத்தால் "இந்தா, அம்மாவோடை கதை" எண்டு குடுத்திடுறாராம்.

— வேறை என்ன செய்வார் அக்கா? பெத்த மகள் தேப்பனுக்குக் காட் அனுப்பினால், அவர் ஆர்? விருந்தாளியோ? வந்து, ரோல்ஸ் திண்டு, மொய் எழுதிப்போட்டுப் போற ஆளோ?

— ஏன் அண்ணை சத்தம் போடுறியள்?

— சத்தம் போடேல்லை. பொதுவாச் சொல்லுறன். மாப்பிள்ளை வீட்டுக்காரர் எங்கை போனவை? பொம்பிளை கேட்டு ஒரு சனம் படி ஏறேல்லையோ?

— ஏறப் பயந்ததுகள். மாப்பிள்ளை வீடு கடற்கரைச் சனம். சைவம். பொம்பிளை வீடு பழைய மிஷன் பள்ளிக்கூடக் குடும்பம், வீட்டிலை பியானோ வைச்சிருந்த சனம். கேற்றைப் பூட்டிப்போடுவினம், முகத்துக்கு நேரை ஏதும் சொல்லிப்போடுவினம் எண்டு பயம். அவர் வாய் திறக்காமல் இருந்தது அதாலைதான் எண்டு எல்லாரும் நினைச்சிட்டம்.

— அவர் அப்பிடி ஏதும் சொன்னவரோ?

— ஒண்டும் சொல்லேல்லை. அதுதானே பயம்.

— அவை வந்து கேப்பினம் எண்டு அவர் பாத்துக்கொண்டிருந்திருக்கலாமே. தானாப் போய் "என்ரை பிள்ளையை எடுங்கோ" எண்டு ஒரு தேப்பன் சொல்லுவானோ? ஒருத்தரும் வராட்டி, தேவையில்லை எண்டு நினைச்சிட்டினம் எண்டுதானே அந்த மனுசன் நினைக்கும்.

— அப்பிடி ஒரு கோணத்தை நாங்கள் யோசிக்கேல்லை.

— கண்ணைத் திறவாதேங்கோ. நான் சொல்லுறதைச் செய்யுங்கோ. ஹோலை விட்டு வெளியிலை வாங்கோ. அந்த மனுசன்ரை வீட்டுக்குப் போங்கோ.

— இப்பவோ?

— கனவிலை பஸ் பாக்கத் தேவையில்லை. போங்கோ. கையிலை என்ன கொண்டு போறியள்?

— தட்டு. வெத்திலை, பாக்கு. நீர்வேலியிலை இறங்கி ஒரு சீப்பு இதரை வாழைப்பழம். குங்குமம்… அண்ணை, வேதக்காரர் வீடு. குங்குமம் வைக்கிறதோ, விடுறதோ?

— வையுங்கோ. அவை பூசாட்டியும், நீங்கள் கொண்டு வந்தது கொண்டு வந்ததுதான்.

— சரி, வைச்சிட்டன். ஐயோ, கேற் தெரியுது.

— திறந்திருக்கோ, பூட்டியிருக்கோ?

— திறந்துதான் கிடக்கு. பூட்டியிருக்கும் எண்டு நினைச்சு வந்தனான்.

— உள்ளுக்குப் போங்கோ. மெல்ல, மெல்ல. அவர் நிக்கிறாரோ?

— நிக்கிறார். கையிலை ஐசிங் சீனி. காதிலையும் கொஞ்சம்.

— … என்ன சொல்லுறார்?

— என்னைக் கதிரையிலை இருத்தி, கண்ணை மூடச் சொல்லிப்போட்டு நிக்கிறார். அண்ணை? நிக்கிறியளோ, உள்ளுக்குப் போயிட்டியளோ?

— நிக்கிறன். கண்ணைத் திறவுங்கோ.

— திறக்கமாட்டன். இப்பிடியே இருந்தால்தான் எனக்கு வாய் வரும். நான் பத்மாசினி. ஜெயதீபன்ரை தாய். ஓடர் குடுக்க வந்த ஆள் மாதிரி வந்து உங்களை ஏமாத்தினது பிழைதான். வாடிக்கைக்காரியா வந்தால் ஏசமாட்டீங்கள் எண்டு சீலா அக்காதான் ஃபோனிலை சொல்லித் தந்தவ. எனக்கு முறையாக் கேக்கத் தெரியாது. தட்டும் இல்லை, பழமும் இல்லை, கொண்டு வந்ததெல்லாம் கனவிலை விட்டுட்டன். உங்கடை நிஷானியை எங்கடை வீட்டுக்குத் தாங்கோ. நல்லாப் பாப்பன். அவள் பிந்தி வாற நாளிலை, வள்ளத்தைக் கூட்டிக்கொண்டு வந்த மாதிரி அவளையும் வீடு வந்து சேரும்வரை பாத்துக்கொண்டிருப்பன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஏதும் கதையுங்கோ அண்ணை. ஏசினாலும் பரவாயில்லை.

— கலியாணத்துக்கு நாலு நாள் கிடக்கேக்கை பொம்பிளை கேட்டு வந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

— நான் ஆரெண்டு சொன்னதுக்கு நீங்கள் திடுக்கிடேல்லையே! முந்தியே தெரியுமோ?

— உங்கடை மனுசன் ரோல்ஸோடை வரேக்கையே பிடிச்சிட்டன். மகள் அனுப்பின கலியாணக் காட்டிலை பேர் கிடந்தது, திரு திருமதி கனகலிங்கம். அதை எத்தினை தரம் பாத்திருப்பன்.

— அப்ப ஏன் என்னை இவ்வளவு தூரம் நடத்தினீங்கள்?

— நீங்கள் கேற்றடிக்கு வருவியளோ எண்டு பாக்கத்தான். கண்ணைத் திறவுங்கோ, நான் ஏசமாட்டன்.

— திறந்திட்டன். … என்ன அண்ணை இது, நீங்களோ அழுகிறது?

— ஓம், அழுகிறன். ஒளிக்க என்ன கிடக்கு? எனக்குச் சரியா நொந்துபோச்சு. நீங்கள் சைவமெண்டோ கடற்கரையெண்டோ எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. பிள்ளை எனக்குக் காட் அனுப்பினதுதான் நொந்தது. ஒவ்வொரு நாளும் இதே கதிரையிலை இருந்து அந்தக் கலியாணத்தைப் பாப்பன். அவளின்ரை சாறியின்ரை கரை தெரியும். போதகர் தொண்டையைச் செருமிறது கேக்கும். ஆரையும் எங்கையும் இருத்துவன், எழுப்புவன். என்னை மட்டும் இருத்தேலாமல் கிடக்கும். யன்னலுக்கு வெளியிலைதான் நிப்பன்.

— கனவு உங்கடை எண்டு எனக்குச் சொன்னீங்களே. உள்ளுக்குப் போறதுக்கென்ன?

— கூப்பிடாத வீட்டுக்குக் கனவிலும் போய்ப் பழக்கமில்லை.

— இப்ப கூப்பிட்டாச்சு. சனிக்கிழமை பின்னேரம், தெல்லிப்பழை ஹோல். பெட்டையின்ரை கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வாறது நீங்கள். வருவியளோ?

— வாறன்.

— சந்நிதியானே! இனிப் பெட்டை சிரிக்கும். அண்ணை, நீங்கள் வந்தால் காணும். நாலு நாளிலை ஆறு தட்டுக் கேக் அடிக்கச் சொல்லி நான் கேக்கமாட்டன். கடையிலை ஏதும் சின்னதா ஒண்டு வாங்குவம்.

— என்ரை மகளுக்குக் கடைக் கேக்கோ? உந்தப் பின்னறைக் கதவைத் திறந்து பாருங்கோ, சம்மந்தி. ரெண்டு பேற்றை பேரும் எழுதி ஒரு கிழமையாச்சு.