பின்னால உக்கார்றவளுக்கு எதுக்கு

அது வேண்டாங்ணா, அங்கயே மாட்டிருங்க. ஏனுங்ணா, பொம்பளைன்னா ரோஸ் கலருதான்னு உங்களுக்கு எந்த மகராசன் சொல்லிக் குடுத்தான்? நான் கேட்டது வண்டி ஓட்டறதுக்கு ஜாக்கெட்டுங்க, பொறந்த நாளு கேக்கு இல்ல. திங்கக்கெழம காத்தால எட்டு மணிக்கு பல்லடத்துல கெளம்பி, பாப்பாவ பள்ளிக்கோடத்துல உட்டுப்போட்டு, திருப்பூருக்கு வேலைக்குப் போகோணும். ஸ்கூட்டியில. தெனமும் போட்டுக்கறாப்பல இருக்கோணும், வெயில்ல வேகக் கூடாது, உழுந்தாக் கிழியக் கூடாது. அவ்வளவுதானுங்க.

இதென்ன, கருப்பா? சித்திரை வெயில்ல இதப் போட்டா திருப்பூர் போறதுக்குள்ள வெந்துருவேன், எறக்கித் தாளிச்சாப் போதும். செரி, உள்பக்கத்தத் திருப்பிக் காட்டுங்க. இல்லீங்க, வெளிய நல்லாத்தான் இருக்குது. ஊர்ல எல்லாமே வெளிய நல்லாத்தான் இருக்குது. நான் பனியன் கம்பெனில செக்கிங் சூப்பர்வைசருங்க, பதினோரு வருசமா. உள்பக்கம் பாக்காம எதையும் பாஸ் பண்ணறதில்ல. இங்க பாருங்க, முழங்கைகிட்ட தையலு எப்படி முள்ளாட்டம் நிக்குதுன்னு. இத வெலைக்கு வேற விக்கறீங்க! கோவிச்சுக்காதீங்ணா, நீங்களா தச்சீங்க.

ஹெல்மெட்டு இருக்குதுங்க. அதுக்குத்தான் மூலைக்கு மூலை போலீஸ்காரரு நிக்கறாரே. அவுங்களுக்குத் தலை மட்டும் இருந்தாப் போதும். கழுத்துக்குக் கீழ நம்ம பாடு.

இத்தன நாளா என்ன போட்டேனா? நல்லாக் கேட்டீங்க போங்க. காத்தால எங்கூரு ரோட்டுல சித்த நின்னு பாருங்க. சேல மேல, சுடிதாரு மேல, ஊட்டுக்காரரோட பழைய முழுக்கைச் சட்டைய மாட்டிட்டுத்தான் ஒவ்வொருத்தியும் வேலைக்குப் போவா. காலரு தேஞ்சு, பட்டன் ரெண்டு போயி, அவுங்களுக்கு ஆகாதுன்னு கழிச்சுப்போட்ட சட்டை. அதுதானுங்க எங்களுக்குக் கவசம். வெயிலுக்கு ஆகும். தார் ரோட்டுக்கு ஆகுமான்னு நாங்க ஒருத்தியும் கேட்டதில்ல.

ஊட்டுக்காரருகிட்ட ஜாக்கெட்டு இருக்குதான்னா? இல்லாம என்னங்க! போன வருசம் புது பைக்கு எடுத்ததும் ஜாக்கெட்டு, கையுறை, முழங்காலுக்குத் தனியா, முட்டி வரைக்கும் ஷூவு. எல்லாத்தையும் மாட்டிட்டு நின்னா சந்திரனுக்குப் போறவராட்டம் இருப்பாரு. போறது என்னமோ சூலூரு வரைக்குந்தான். அன்னிக்குக் கடைல நானும் கூட நின்னேன். எனக்கும் ஒண்ணு பாக்கலாமான்னு கேட்டுப்போட்டேன். அட, அவரும் கடைக்காரரும் சேந்து அப்படிச் சிரிக்கறாங்க. பின்னால உக்கார்றவளுக்கு எதுக்கு, நான் முன்னால இருக்கறப்ப காத்துகூட உம்மேல படாதுன்னாரு. சும்மா சொல்லக் கூடாதுங்க, காத்து படவே இல்ல. நீங்க ஏன் மூஞ்சிய அப்படி வெக்கறீங்க, அது வேற கடைங்ணா.

இந்த நீலம் பரவால்ல. துணி வலையாட்டம் இருக்குது, காத்து போகும். தோள்ல, முழங்கைல, முதுகுல உள்ள வெச்சிருக்கற கெட்டி அட்டை கழண்டு வருமா? அப்பத்தான் தொவைக்க முடியும், தெனமும் போடறதாச்சுங்களே. அந்த ஸ்டூல இப்படிப் போடுங்க. நின்னு பாத்தா எல்லாஞ் செரியாத்தான் இருக்கும். உக்காந்து ஹேண்டில் புடிக்கறாப்பல கைய நீட்டுனாத்தான் சட்டை இடுப்புக்கு மேல ஏறிக்குதான்னு தெரியும். சிரிச்சாச் சிரிங்க, எனக்கென்ன.

சித்த இருங்க, புடிச்சு இழுக்காதீங்க. எடது கைய மெதுவாத்தான் நொழைக்கோணும்.

அட, பயந்துக்காதீங்ணா. ஆறிப்போச்சுங்க. தொடையில இருந்து தோல எடுத்து ஒட்டிருக்காங்க, மணிக்கட்டுல இருந்து தோளு வரைக்கும். அதனாலதான் உள்பக்கம் உள்பக்கம்னு உங்க உசுர வாங்கறேன். ஒரு தையலு நின்னாலும் அறுக்குதுங்க.

தை மாசத்துல அன்னூர்ல அவரு சித்தப்பா பையன் கல்யாணம். எனக்குப் பட்டுச் சேல, ஆரி வேலை போட்ட ரவிக்கை. மேல பழைய சட்டைய மாட்டிக்கறேன்னேன். கல்யாணத்துக்கு வர்றயா, களை எடுக்க வர்றயான்னாரு. அவரு மட்டும் ஒண்ணு உடாம மாட்டிட்டாரு, மண்டபத்துல போயி கழட்டிக்கலாமாம். கருமத்தம்பட்டி தாண்டி ஒரு வளைவுல ஜல்லி கொட்டிக் கெடந்துச்சு. ரெண்டு பேரும் ஒட்டுக்காத்தான் சறுக்குனோம், ஒரே தூரந்தான். அவரு எந்திரிச்சுத் தட்டி உட்டுட்டு, மொதல்ல வண்டியப் பாத்தாரு.

இப்ப அந்த ஜாக்கெட்டு எங்க ஹால்ல ஆணியில தொங்குது. வர்றவிங்ககிட்டயெல்லாம் அதோட முதுகுல இருக்கற கீறலத் தொட்டுக் காட்டி, இது மட்டும் இல்லேன்னா என் கதி என்னாயிருக்கும்னு சொல்றாரு. அவிங்களும் உச்சுக் கொட்டறாங்க. நான் முழுக்கை ரவிக்கை போட்டுட்டு காப்பி கொண்டுவந்து குடுக்கறேன்.

கோவமா? இருக்குதுங்க, எதுக்குப் பொய் சொல்லோணும். ஆனா ஜாக்கெட்டு மேல இல்லீங்க. அது அதோட வேலையச் செஞ்சுது. அதப் பாத்துத்தானே நானும் வாங்க வந்திருக்கறேன். இனி அவரு பின்னால உக்கார்றதா இல்ல. ஸ்கூட்டி எடுத்துட்டேன், லைசென்சும் வந்துருச்சு.

இந்த நீலத்தையே போடுங்க, உறுத்தல. பில்லு ஏம்பேர்லயே போடுங்க, நந்திதா. ஊட்டுக்காரரு பேரெல்லாம் வேண்டாங்க.

அப்பறம் இன்னொண்ணு வேணுங்ணா. மொதல்ல காட்டுனீங்களே, அந்த ரோஸு, அதுலயே சின்ன சைஸு இருக்குதா? பாப்பாவுக்குங்க, மேக்னா, அஞ்சாவது படிக்கறா. அவளுக்கு ரோஸுன்னா உசுரு. திங்கக்கெழமையில இருந்து என் பின்னால அவதான் உக்காருவா.

எடுங்க. உள்பக்கத்தத் திருப்பிக் காட்டுங்க மொதல்ல.